சாய்வாகச் செயல்படும் விசைகள்: நிகர விசையைக் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோராம் வகுப்பு இயற்பியலிலும் சரி, பாலிடெக்னிக், பொறியியல் முதலாண்டு மெக்கானிக்ஸிலும் சரி, இந்தக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் மூன்றே இடங்களில்: கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்று பார்க்காமல் விடுவது, கூட்டல் கழித்தல் குறியைத் தவறவிடுவது, தரை தாங்கும் விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நினைத்துக்கொள்வது. கீழே உள்ள கேள்விகளில் பாதி இந்த மூன்றையும் சுற்றித்தான் வரும். எல்லாக் கணக்கிலும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி² என்று எடுத்திருக்கிறோம்.

30 நியூட்டனும் 40 நியூட்டனும் சேர்ந்தால் ஏன் 70 வருவதில்லை?

இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் 70 வரும். நேரெதிராக இழுத்தால் 10தான் மிஞ்சும். இடையில் வேறு எந்தக் கோணமாக இருந்தாலும் விடை 10க்கும் 70க்கும் நடுவில் எங்கோ விழும். செங்கோணத்தில் இழுத்தால் 50. கோணம் விரிய விரியத் தொகுபயன், அதாவது விசைகள் சேர்ந்து தரும் நிகர விசை, குறைந்துகொண்டே போகும்.

இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு வசதி உண்டு. கணக்கு முடிந்து 74 என்றோ 8 என்றோ விடை வந்தால் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை, அது தவறு. இன்னொன்றும் கைவசம் இருக்கட்டும்: சம அளவுள்ள இரண்டு விசைகளுக்கு இடையே 120° இருந்தால், தொகுபயனும் அவற்றில் ஒன்றின் அளவுதான்.

வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் பொருளை மட்டும் ஒரு புள்ளியாக வரைந்து, அதன் மேல் செயல்படும் விசைகளை எல்லாம் அம்புக்குறியாகப் போடுங்கள். தனித்த பொருள் விசைப்படம் என்பது இதுதான். அந்தப் பொருள் மற்றவற்றின் மீது செலுத்தும் விசை இந்தப் படத்தில் வரக்கூடாது. பிறகு இரண்டு அச்சுகளைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர் என்று படத்திலேயே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு விசையையும் அந்த இரண்டு அச்சுகள் வழியாகக் கூறுகளாக, அதாவது ஒவ்வோர் அச்சின் வழியே அது இழுக்கும் பங்குகளாக, பிரியுங்கள். கிடைத்தளக் கூறுகளைத் தனியாகக் கூட்டுங்கள், செங்குத்துக் கூறுகளைத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அளவு. செங்குத்தைக் கிடையால் வகுத்து டேன் இன்வர்ஸ் போட்டால் திசை.

ஒரு கணக்கு. 30 நியூட்டன் கிடையாக வலப்பக்கம் இழுக்கிறது. 40 நியூட்டன் அதற்கு 60° மேலாக இழுக்கிறது.

கிடைத்தளம்: 30 + 40 × காஸ் 60° = 30 + 20 = 50
செங்குத்து: 0 + 40 × சைன் 60° = 34.64
அளவு: √(50² + 34.64²) = √3700 = 60.8 நியூட்டன்
திசை: டேன் இன்வர்ஸ் (34.64 ÷ 50) = 34.7°, வலப்பக்கக் கிடைக்கோட்டிலிருந்து மேல்நோக்கி.

“34.7°” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதி விடை. எந்தக் கோட்டிலிருந்து, எந்தப் பக்கமாக என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். விடைத்தாள் திருத்துபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எப்போது சைன், எப்போது காஸ்?

“கிடைக்குக் காஸ், செங்குத்துக்குச் சைன்” என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கோணம் கிடைக்கோட்டிலிருந்து அளக்கப்பட்டிருக்கும் வரை அது சரியாகவே வரும். சுவரிலிருந்தோ கம்பத்திலிருந்தோ அளந்து கொடுத்தால் அப்படியே தலைகீழாகிவிடும்.

மாறாத விதி இது: கோணம் எந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதோ, அந்தக் கோட்டின் வழியான கூறுக்குக் காஸ். மற்றதற்குச் சைன்.

செங்குத்தான கம்பத்தோடு 25° கோணத்தில் ஒரு கம்பி 200 நியூட்டன் விசையோடு கீழ்நோக்கி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணம் தொடுவது கம்பத்தை. ஆகவே கம்பத்தின் வழியே கீழிறங்கும் கூறு 200 × காஸ் 25° = 181.3 நியூட்டன். பக்கவாட்டில் இழுப்பது 200 × சைன் 25° = 84.5 நியூட்டன். மனப்பாட விதியைப் போட்டிருந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கும். கம்பத்தைச் சாய்க்கப் பார்க்கும் விசை உண்மையில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியிருக்கும்.

சரிபார்க்கப் படத்தைப் பார்த்தாலே போதும். அம்புக்குறி எந்த அச்சை ஒட்டிச் சாய்ந்திருக்கிறதோ, அந்த அச்சின் கூறுதான் பெரிதாக இருக்க வேண்டும். கம்பி கம்பத்தை ஒட்டியிருக்கிறது, ஆகவே 181 செங்குத்துக்கு.

திசையைச் சொல்லும் சொற்றொடரிலும் இதே குழப்பம் உண்டு. “கிழக்கிலிருந்து 30° வடக்காக” என்றால் கிழக்கு அச்சைத் தொட்டு அளந்த கோணம். “வடக்கிலிருந்து 30° கிழக்காக” என்றால் வடக்கைத் தொட்டு அளந்தது. கிழக்கிலிருந்து பார்த்தால் அது 60°. “இருந்து” என்ற சொல்லுக்கு முன்னால் எந்தத் திசை நிற்கிறதோ அதற்குத்தான் காஸ்.

மூன்று, நான்கு விசைகள் இருந்தால் குறிகளை எப்படிக் கையாள்வது?

ஒவ்வொரு விசைக்கும் ஒரு வரி எழுதுங்கள். குறியைக் கால்குலேட்டரிடம் விடாமல் படத்தைப் பார்த்துப் போடுங்கள்: கோணத்தைக் குறுங்கோணமாகவே வைத்து அளவைக் கண்டுபிடித்து, அம்பு இடப்பக்கம் போனால் கிடைக்கு எதிர்க்குறி, கீழே போனால் செங்குத்துக்கு எதிர்க்குறி.

கிழக்கே 20 நியூட்டன். மேற்கிலிருந்து 30° வடக்காக 60 நியூட்டன். தெற்கே 25 நியூட்டன். கிழக்கும் வடக்கும் நேர்க்குறி.

முதல் விசை: கிடை +20, செங்குத்து 0
இரண்டாவது: கிடை −51.96, செங்குத்து +30
மூன்றாவது: கிடை 0, செங்குத்து −25
கூட்டினால்: கிடை −31.96, செங்குத்து +5

அளவு 32.4 நியூட்டன். இதுவரை யாரும் தவறுவதில்லை. திசைக்கு 5 ÷ (−31.96) என்று போட்டு டேன் இன்வர்ஸ் அழுத்தினால் −8.9° என்று வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்காக என்று பொருள். நிஜமான திசைக்கு நேரெதிர்!

காரணம், டேன் இன்வர்ஸ் −90°க்கும் +90°க்கும் இடையில் மட்டுமே விடை தரும். மேலே எதிர்க்குறியா, கீழே எதிர்க்குறியா என்பது வகுத்த பிறகு அதற்குத் தெரியாது. கிடைக்கூறு எதிர்க்குறியாக இருந்தால் வந்த கோணத்தோடு 180° சேர்க்க வேண்டும்: 171.1°. அல்லது இன்னும் எளிதாக, குறிகளை விட்டுவிட்டு 5 ÷ 31.96க்கு 8.9° என்று எடுத்து, படத்தைப் பார்த்து “மேற்கிலிருந்து 8.9° வடக்காக” என்று எழுதிவிடலாம். எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி. 180 சேர்ப்பதா, 360 சேர்ப்பதா என்ற தடுமாற்றமே வராது.

கால்குலேட்டர் வினோதமான விடை தருகிறது. என்ன கோளாறு?

பத்தில் ஒன்பது முறை கோண அலகு மாறியிருக்கும். கணக்கைத் தொடங்கும் முன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 0.454 வந்தால் கிரேடியனில் இருக்கிறது. யாரோ மோடை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

கேசியோ சயின்டிஃபிக் கால்குலேட்டரில் ‘போல்’ என்று ஒரு வசதி உண்டு. கிடைக்கூறு, காற்புள்ளி, செங்குத்துக்கூறு என்று கொடுத்தால் அளவையும் கோணத்தையும் சரியான கால்பகுதியோடு (இரண்டு அச்சுகள் பிரிக்கும் நான்கு பகுதிகளில் எது என்பதோடு) தந்துவிடும். மேலே உள்ள கணக்குக்கு 171.1° என்றே காட்டும். அதற்கு எதிர்வேலை செய்வது ‘ரெக்’.

கணினியில் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எக்செல்லிலும் பைத்தானிலும் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் வேலை செய்யும். டிகிரியை மாற்றிக் கொடுக்க வேண்டும். கால்பகுதி பார்த்துத் திசை தரும் ‘ஏடேன்2’ சார்பில் எக்செல் கிடைக்கூறை முதலில் கேட்கும், பைத்தான் செங்குத்துக்கூறை முதலில் கேட்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சூத்திரத்தை அப்படியே நகலெடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான கோணம் மட்டும் வரும்.

இணைகர விதியைப் பயன்படுத்தினால் போதாதா? கூறுகளாக ஏன் பிரிக்க வேண்டும்?

இரண்டே விசைகள் என்றால் இணைகர விதி வேகமானது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி, அதோடு 2 × முதல் விசை × இரண்டாவது விசை × காஸ் கோணம் சேர்த்து, வர்க்கமூலம். 30, 40, 60° கணக்குக்கு: 900 + 1600 + 1200 = 3700. மேலே வந்த அதே 60.8.

மூன்றாவது விசை வந்ததும் இது சுமையாகிவிடும். முதலிரண்டின் தொகுபயனையும் திசையையும் கண்டுபிடித்து, அதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான கோணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி சூத்திரம் போட வேண்டும். கூறுமுறையில் விசை பத்தாக இருந்தாலும் இன்னும் சில வரிகள், அவ்வளவுதான்.

இணைகரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. சூத்திரத்தில் போட வேண்டிய கோணம் இரண்டு அம்புகளின் வால்களும் ஒன்றாக இருக்கும்போது இடையில் உள்ளது. முக்கோண விதிப்படி ஒன்றின் தலையில் மற்றொன்றின் வாலை ஒட்டி வரைந்த படத்தில், முக்கோணத்துக்கு உள்ளே தெரிவது 180°யில் மீதி. அந்த உட்கோணத்தை எடுத்தால் கூட்டல் குறி கழித்தலாக மாற வேண்டும்.

விதி பழையது. சாய்தளத்தில் விசைகள் எப்படிச் சமன்படுகின்றன என்பதை நெதர்லாந்தின் சைமன் ஸ்டெவின் 1586இல் வெளியிட்ட நூலில் சங்கிலிபோல் கோத்த உருண்டைகளை வைத்து நிறுவினார். நியூட்டன் 1687இல் பிரின்கிபியா என்ற நூலில் தன் மூன்று விதிகளுக்கு அடுத்த முதல் கிளைத்தேற்றமாக இணைகர விதியை வைத்தார்.

வரைபட முறையில் எவ்வளவு துல்லியம் கிடைக்கும்?

1 செ.மீ.க்கு 10 நியூட்டன் போன்ற அளவுத்திட்டத்தில், கூரான பென்சிலால் வரைந்தால் இரண்டு இலக்கத் துல்லியத்தை நம்பலாம். பாகைமானியில் 1° தவறினால் 10 செ.மீ. கோட்டின் முனை ஏறக்குறைய 1.7 மி.மீ. நகர்ந்துவிடும். சின்னதாக வரைந்தால் பிழை பெரிதாகத் தெரியும். தாள் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக வரையுங்கள்.

ஆய்வகத்தில் பலகை, கப்பி, எடைகள் வைத்து இணைகர விதியைச் சரிபார்க்கும்போது வித்தியாசம் வந்தால் முதலில் கப்பியைச் சந்தேகியுங்கள். உராய்வுள்ள கப்பியில் நூலின் இழுவிசை தொங்கும் எடைக்குச் சமமாக இருக்காது. முடிச்சை லேசாகத் தட்டிவிட்டு அது மறுபடி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் குற்றவாளி உராய்வுதான். நூலின் நிலையைத் தாளில் குறிக்கும்போது பின்னால் கண்ணாடித் துண்டு வைத்து, நூலும் பிம்பமும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும்.

பெட்டியைக் கயிறு கட்டிச் சாய்வாக இழுத்தால் நிகர விசை எவ்வளவு?

இந்த வகைக் கணக்கில்தான் தவறு அதிகம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

30 கிலோ பெட்டி தரையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. கிடைக்கோட்டுக்கு 30° மேலாக 120 நியூட்டனோடு கயிறு இழுக்கிறது. இயக்க உராய்வுக் குணகம், அதாவது நகரும்போது உராய்வு தரை தாங்கும் விசையில் எத்தனை பங்கு என்பது, 0.25.

பெட்டியின் எடை 30 × 9.8 = 294 நியூட்டன். கயிற்றின் கிடைத்தளக் கூறு 120 × காஸ் 30° = 103.9. செங்குத்துக் கூறு 120 × சைன் 30° = 60, மேல்நோக்கி.

தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் விசையைப் பாடநூலில் செங்குத்து விசை என்பார்கள். வகுப்பில் நார்மல் என்று சொல்வதே பழக்கம், இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம். பெட்டி மேலே எழும்பவும் இல்லை, தரைக்குள் போகவும் இல்லை. ஆகவே செங்குத்தில் எல்லாம் சமன்பட வேண்டும்: நார்மல் + 60 = 294. நார்மல் 234 நியூட்டன். கயிறு பெட்டியின் பாரத்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டது.

உராய்வு: 0.25 × 234 = 58.5 நியூட்டன்.
நிகர விசை: 103.9 − 58.5 = 45.4 நியூட்டன், இழுக்கும் பக்கமாக.
முடுக்கம்: 45.4 ÷ 30 = 1.51 மீ/வி².

நார்மலை யோசிக்காமல் 294 என்றே வைத்திருந்தால் உராய்வு 73.5, நிகர விசை 30.4, முடுக்கம் 1.01. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். நார்மலுக்கு எனத் தனிச் சூத்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் செங்குத்துச் சமன்பாட்டை எழுதித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். “நிறை × புவியீர்ப்பு முடுக்கம்” என்பது, சமதரையில், செங்குத்தாக வேறு எந்த விசையும் இல்லாதபோது மட்டும் வரும் விடை.

அதே பெட்டியைத் தள்ளினால்?

அதே 120 நியூட்டன், அதே 30°, ஆனால் கீழ்நோக்கிச் சாய்வாகத் தள்ளுகிறோம். இப்போது 60 நியூட்டன் பெட்டியைத் தரையில் அழுத்துகிறது. நார்மல் 354, உராய்வு 88.5, நிகர விசை 15.4 நியூட்டன், முடுக்கம் 0.51 மீ/வி². இழுத்தபோது கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான். “தள்ளுவதைவிட இழுப்பது ஏன் எளிது” என்ற பாடநூல் கேள்விக்கு எண்ணில் விடை இது.

தள்ளும் கோணம் அதிகமாகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எவ்வளவு பலம் போட்டாலும் பெட்டி நகராது. உராய்வுக் குணகம் 0.5 என்றால் அந்தக் கோணம் கிடைக்கோட்டிலிருந்து சுமார் 63°. அதற்கு மேல், தள்ளும் விசை கூடக் கூட, உராய்வின் உச்சவரம்பு அந்த விசையின் கிடைக்கூறைவிட வேகமாகக் கூடிவிடும்.

அப்படியானால் எந்தக் கோணத்தில் இழுப்பது உத்தமம்?

கோணத்தின் டேன் மதிப்பு உராய்வுக் குணகத்துக்குச் சமமாக இருக்கும் இடம். 0.25க்கு அது 14°. மேலே சொன்ன பெட்டியை மாறாத வேகத்தில் நகர்த்திக்கொண்டு போகத் தேவையான இழுவிசை: கிடையாக இழுத்தால் 73.5 நியூட்டன், 14°யில் 71.3, 30°யில் 74.2, 60°யில் 102.6.

எண்களைக் கவனித்தீர்களா? 0°க்கும் 30°க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. சரியான கோணம் தேடி மெனக்கெட வேண்டாம். ரொம்பச் செங்குத்தாக இழுக்காமல் இருந்தால் போதும்.

சாய்தளத்தில் அச்சுகளை எப்படி வைப்பது?

தளத்தின் வழியாக ஒன்று, தளத்துக்குச் செங்குத்தாக இன்னொன்று. கிடை, செங்குத்து என்றே வைத்தாலும் விடை வரும். ஆனால் நார்மல், உராய்வு, முடுக்கம் மூன்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். அச்சைச் சாய்த்துக்கொண்டால் எடை ஒன்றை மட்டும் பிரித்தால் போதும்.

தளத்தின் சாய்வு 25°, பொருள் 10 கிலோ, எடை 98 நியூட்டன். தளத்தின் வழியே கீழே இழுப்பது 98 × சைன் 25° = 41.4. தளத்தை அழுத்துவது 98 × காஸ் 25° = 88.8. இங்கே சைன், காஸ் இடம் மாறியதுபோல் தோன்றலாம். மாறவில்லை: எடை அம்புக்கும் தளத்தின் செங்குத்துக்கோட்டுக்கும் நடுவில்தான் 25° இருக்கிறது, கோணம் தொடும் கோட்டுக்குக் காஸ். சந்தேகம் வந்தால் கோணத்தை 0° என்று வைத்துப் பாருங்கள். தரை சமமானால் கீழே சறுக்கும் விசை பூஜ்ஜியமாக வேண்டும். சைன் 0° பூஜ்ஜியம், ஆகவே அதுவே சரி.

இயக்க உராய்வுக் குணகம் 0.2 என்றால் உராய்வு 17.8, நிகர விசை 23.7 நியூட்டன் கீழ்நோக்கி, முடுக்கம் 2.4 மீ/வி².

பொருள் நிற்கிறதா, சறுக்குகிறதா என்று கேட்டால்?

நிலை உராய்வை, அதாவது பொருள் நகராமல் நிற்கும்போது உள்ள உராய்வை, சூத்திரத்தில் போட்டு நேரடியாகக் கழிக்காதீர்கள். அதே சாய்தளத்தில் நிலை உராய்வுக் குணகம் 0.5 என்று வையுங்கள். 0.5 × 88.8 = 44.4. இதைக் கழித்தால் 41.4 − 44.4 = −3 நியூட்டன், அதாவது பொருள் தானாக மேலே ஏறுகிறது என்று விடை வரும்!

44.4 என்பது உராய்வின் உச்சவரம்பு. சறுக்கும் விசை அதற்குக் கீழே இருந்தால் உராய்வு அந்த விசைக்குச் சமமாக மட்டும் நிற்கும். இங்கே உராய்வு 41.4, நிகர விசை பூஜ்ஜியம்.

கிரேனில் ஸ்லிங் கட்டும்போது இந்தக் கணக்கு எப்படி வருகிறது?

படிப்புக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்புள்ள இடம் இது. ஸ்லிங் என்பது சுமையைக் கிரேன் கொக்கியில் மாட்டும் கயிறு அல்லது சங்கிலி, அதன் ஒவ்வொரு கிளையும் ஒரு கால். ஒரு டன் சுமையை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கினால் ஒவ்வொரு காலிலும் அரை டன் என்று நினைப்பது, இரண்டும் நேர் செங்குத்தாக இருந்தால் மட்டும் சரி. சாய்ந்த கால் சுமையைத் தூக்குவதோடு எதிர்க் காலை உள்நோக்கி இழுக்கவும் செய்கிறது. ஒவ்வொரு காலின் இழுவிசை = எடை ÷ (2 × சைன் கோணம்), கோணம் கிடைக்கோட்டிலிருந்து அளந்தது.

1000 கிலோ சுமைக்கு ஒரு காலில் வரும் பாரம்:
நேர் செங்குத்து (90°): 500 கிலோ
60°: 577 கிலோ
45°: 707 கிலோ
30°: 1000 கிலோ
15°: 1932 கிலோ

30°யில் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் தாங்குகிறது. அதற்குக் கீழே சில டிகிரி குறைந்தாலே பாரம் தாறுமாறாக ஏறும். 30°க்குக் கீழே ஸ்லிங் போடக்கூடாது என்று தளங்களில் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். கோணத்தைக் கூட்ட நீளமான ஸ்லிங் போட வேண்டும், அல்லது ஸ்ப்ரெடர் பீம் (கால்களை அகலமாகப் பிரித்து வைக்கும் குறுக்கு உத்திரம்) வைக்க வேண்டும்.

அட்டவணை பார்க்கும்போது கவனம். சில அட்டவணைகளில் கோணம் கிடைக்கோட்டிலிருந்து, சிலவற்றில் செங்குத்துக்கோட்டிலிருந்து, சிலவற்றில் இரண்டு கால்களுக்கும் இடையில். 45° என்றால் முதல் இரண்டும் ஒன்றுதான், பிரச்சினையில்லை. “60°” என்பது கிடையிலிருந்து என்றால் ஒரு காலுக்கு 577. செங்குத்திலிருந்து என்றால் 1000. அட்டவணையின் மூலையில் உள்ள சின்னப் படத்தைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

லாமியின் தேற்றத்தை எப்போது பயன்படுத்தலாம்?

மூன்றே விசைகள், ஒரே தளத்தில், ஒரே புள்ளியில், நிகர விசை பூஜ்ஜியம். நான்கும் பொருந்தினால் மட்டும். ஒவ்வொரு விசையையும் மற்ற இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்றும் சமம்.

98 நியூட்டன் எடையுள்ள விளக்கை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. இடக்கயிறு கிடைக்கோட்டுக்கு 30°, வலக்கயிறு 45°. கயிறுகளுக்கு இடையே 105°. எடைக்கும் வலக்கயிற்றுக்கும் இடையே 135°, எடைக்கும் இடக்கயிற்றுக்கும் இடையே 120°.

98 ÷ சைன் 105° = 101.5
இடக்கயிறு: 101.5 × சைன் 135° = 71.7 நியூட்டன்
வலக்கயிறு: 101.5 × சைன் 120° = 87.9 நியூட்டன்

இரண்டையும் கூட்டினால் 98ஐத் தாண்டுகிறதே என்று பதற வேண்டாம். செங்குத்துக் கூறுகளைக் கூட்டுங்கள்: 35.9 + 62.1 = 98. நிமிர்ந்து நிற்கும் கயிறுதான் அதிகம் தாங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

விசைகள் ஒரே புள்ளியில் செயல்படாவிட்டால்?

நிகர விசைக் கணக்கு மாறாது. அதோடு திருப்பு விசையையும், அதாவது பொருளைச் சுழற்றப் பார்க்கும் விளைவையும், பார்க்க வேண்டும்.

தேர் வடம் நல்ல எடுத்துக்காட்டு. தேரின் முன்பக்க இரு மூலைகளில் இரண்டு வடங்கள், இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 15° வெளியே விரிந்து, தலைக்கு 10 கிலோநியூட்டனோடு இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டுக் கூறுகள் 2.59, 2.59, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முன்னோக்கி 2 × 10 × காஸ் 15° = 19.3 கிலோநியூட்டன். விரிவால் வீணானது மூன்றரை சதவீதம்தான்.

இடப்பக்க வடத்தில் ஆள் கூடி 11 ஆகிவிட்டால், முன்னோக்கி 20.3, இடப்பக்கமாக 0.26. நிகர விசை இவ்வளவுதான் சொல்லும். தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது வேறு கேள்வி: பக்கவாட்டு விசை முகப்பை இடப்பக்கம் இழுக்கிறது, இடமூலையில் கூடுதலாக உள்ள முன்னிழுப்போ முகப்பை வலப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. எது வெல்லும் என்பது வடங்கள் கட்டிய அகலத்தையும் முகப்புக்கும் திரும்பும் மையத்துக்கும் உள்ள தூரத்தையும் பொறுத்தது. நிஜத்தில் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான்.

நிகர விசை பூஜ்ஜியம் என்றால் பொருள் அசையாது, அப்படித்தானே?

இல்லை. முடுக்கம் பூஜ்ஜியம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதே வேகத்தில், அதே திசையில் ஓடும்.

முப்பரிமாணத்தில் என்ன மாறும்?

மூன்றாவதாக ஓர் அச்சு. கோணத்துக்குப் பதில் கயிற்றின் இரு முனைகளின் இட வித்தியாசத்தை மூன்று அச்சிலும் எடுத்து, ஒவ்வொன்றையும் மொத்த நீளத்தால் வகுத்து, இழுவிசையால் பெருக்கினால் கூறுகள் வந்துவிடும். 3, 4, 12 மீட்டர் வித்தியாசம் என்றால் நீளம் 13 மீட்டர். 260 நியூட்டன் இழுவிசைக்குக் கூறுகள் 60, 80, 240. கோணமானியே தேவையில்லை. கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டும் இடத்தில் டேப் வைத்து அளப்பது கோணம் அளப்பதைவிடச் சுலபமும்கூட.

நீட், ஜே.இ.இ. தேர்வில் கால்குலேட்டர் இல்லாமல் எப்படி?

30°, 45°, 60° மதிப்புகள் எல்லோருக்கும் தெரியும். 37°, 53° கோணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 3-4-5 முக்கோணம். சைன் 37° = 0.6, காஸ் 37° = 0.8, 53°க்கு மாற்றி. சரியான கோணம் 36.87°தான், ஆனால் வினாத்தாள் தயாரிப்பவர்களும் இந்தத் தோராயத்தை வைத்தே எண்களை அமைப்பார்கள். கேள்வியில் 37° என்று பார்த்தாலே விசை 5இன் மடங்காக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

என் விடை புத்தக விடையிலிருந்து சற்று வேறுபடுகிறது. தவறா?

2 சதவீதம் வேறுபட்டால் புத்தகத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்திருப்பார்கள். அதைவிட அதிகம் என்றால் நடுவழியில் எண்ணைச் சுருக்கினீர்களா என்று பாருங்கள். தள்ளும் பெட்டிக் கணக்கில் காஸ் 30°ஐ 0.866க்குப் பதில் 0.87 என்று எடுத்தால் பிழை அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் 104.4 − 88.5 = 15.9 என்று வரும். சரியான விடை 15.4. கழித்தலில் பெரிய எண்கள் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சும் சின்ன எண்ணில் பிழை 3 சதவீதமாகத் தெரிகிறது. நான்கு இலக்கத்தைக் கடைசி வரி வரை வைத்திருந்து, விடை எழுதும்போது மட்டும் சுருக்குங்கள்.